பிழையே இல்லாத ஐந்து மாதம்

"எங்க ஆபீஸ் புத்தகத்தால ஒருத்தர் செத்துட்டாரு. அதுக்கு நான்தான் காரணம்னு சொல்றாங்க," என்றாள் வந்தவள். உட்காரக்கூட இல்லை.

நிதானம் என்று எல்லோரும் கூப்பிடும் அந்தத் துப்பறிவாளர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். பேருக்கேற்ற ஆள்தான். வீடு பற்றி எரிந்தாலும் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவர் மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன், அதற்குள் நோட்டும் பேனாவுமாக நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். ஒரு வழக்கு வந்துவிட்டால் மச்சானுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அன்றைக்கு அவனே பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரிகளுக்கான மருந்துக் கையேடு தயாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் எழுதித் தருவதை அவள் தட்டச்சு செய்வாள். ஒரு மென்பொருள் ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் டேக் என்ற அடையாளக் குறியைப் போட்டு, அதை எக்ஸ்எம்எல் ஃபைலாக மாற்றும். வேலிடேட்டர் என்னும் இன்னொன்று அது விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும். அப்புறம் அச்சுக்குப் போகும். ஒரு வலி நிவாரண ஊசிக்கு டாக்டர்கள் இரண்டு எச்சரிக்கை எழுதியிருந்தார்கள். சிறுநீரகம் கெட்டவருக்குப் போடக்கூடாது என்பது இரண்டாவது. புத்தகத்தில் முதலாவது மட்டும்தான் இருந்தது. நர்ஸ் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊசி போட்டாள். போட்டுக்கொண்டவர் ஒரு தையல்காரர், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. என் பேரைத்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க. ஜெயில்னு சொல்றாங்க சார்."

"அந்த ரெண்டாவது வரியை நீங்க அடிச்சீங்களா?"

"அடிச்சேன். என் ஃபைல்ல இன்னும் இருக்கு. ஆனா செய்தி கேட்டதும் பதறிப்போய்த் திறந்து பார்த்தேன், சேவ் பண்ணித் தொலைச்சுட்டேன். தேதி மாறிடுச்சு. ஆள் செத்தப்புறம் நான் சொருகினதா சூப்பர்வைசர் சொல்றாரு."

கைப்பையிலிருந்து ஒரு பாராட்டுச் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தாள். ஐந்து மாதமாக ஒரு பிழைகூட இல்லை என்று சூப்பர்வைசரே கையெழுத்துப் போட்டிருந்தார். "இப்படி வேலை செய்யறவ ஒரு வரியை விடுவேனா?"

நிதானம் அதை இரண்டு தடவை படித்தார். "அதுக்கு முன்னாடி?"

"தினமும் முப்பது, நாப்பது எரர் வரும். எந்த வரின்னு வேலிடேட்டர் சொல்லும், உட்கார்ந்து திருத்துவோம். இப்ப கை பழகிடுச்சு."

மத்தியானமே அலுவலகத்துக்குப் போனார்கள். படியேறும்போதே, "அச்சகம்தான் அத்தான் முழுங்கியிருக்கணும்," என்று காதைக் கடித்தான் மச்சான். அச்சகத்துக்கு அனுப்பிய எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்து பார்த்தால் அதிலேயே அந்த வரி இல்லை. மச்சான் முகம் தொங்கிப்போயிற்று.

நான்கு மேஜைகள், நான்கு தட்டச்சுக்காரர்கள். சுவரில் ஆளுக்கொரு தாள், தினசரி எரர் கணக்கோடு. நிதானம் அதன் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. நாற்பத்திரண்டு, இருபத்தாறு, முப்பது. ஒரு வியாழக்கிழமையிலிருந்து எல்லாம் பூஜ்யம்.

"மச்சான், கை பழகறதுன்னா எப்படிப் பழகும்?"

"கொஞ்சம் கொஞ்சமா."

"நாலு பேருக்கும் ஒரே வியாழக்கிழமை பழகியிருக்கு பார்."

சூப்பர்வைசரையும் மற்றவர்களையும் அவர் அவள் மேஜையருகே கூப்பிட்டார். "ஒரு மருந்துக்கு எத்தனை எச்சரிக்கை போடலாம்னு விதி?"

"ஒண்ணு," என்றார் சூப்பர்வைசர். கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார். "கூட வேணும்னா அதுக்குள்ளயே சேர்த்து எழுதணும்."

"அப்ப ரெண்டாவதைத் தனியா அடிச்சா எரர் காட்டணும். அம்மா, மூணு அடிங்க."

அவள் மூன்று எச்சரிக்கை அடித்து வேலிடேட்டர் வரை ஓட்டினாள். திரையில் பச்சை எழுத்தில் வந்தது: பிழை பூஜ்யம். உருவான ஃபைலைத் திறந்தாள். ஒரே ஓர் எச்சரிக்கைதான் இருந்தது. மற்ற இரண்டும் இருந்த சுவடே இல்லை.

"வேலிடேட்டர் கெட்டுப்போகல," என்றார் நிதானம். "அது கத்தறதுக்கு முன்னாடியே யாரோ அதோட வாயைப் பொத்தியிருக்காங்க. மச்சான், மாத்தற மென்பொருளுக்கும் இதுக்கும் நடுவுல என்ன ஓடுதுன்னு பார்."

மச்சானுக்குப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. நடுவில் ஒரு குட்டி நிரல் உட்கார்ந்திருந்தது. விதிக்கு ஒத்துவராத எதைக் கண்டாலும் வெட்டி எறிவது மட்டுமே அதன் வேலை. சேர்த்த நாள் அதே வியாழக்கிழமை. சேர்த்தவர் பெயரை மச்சான் வாய்விட்டுப் படிக்கவில்லை. சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

"தினமும் நூத்தம்பது எரர்," என்றார் அவர். "மேல கழுத்தைப் பிடிச்சாங்க. வெறும் டேக்கைத்தான் எடுக்கும்னு நினைச்சேன். உள்ள இருக்கற எழுத்தும் சேர்ந்து போகும்னு யோசிக்கல."

"அந்தத் தையல்காரர் செத்தப்புறம்?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் இவங்க பேரை எழுதிக் கொடுத்தீங்க."

மச்சானுக்குச் சூப்பர்வைசரை அறைய வேண்டும் போல இருந்தது. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"அக்கா, இனி உங்க மேல ஒண்ணும் இல்ல. நாளைக்கு அத்தான் வந்து சொல்லுவார்," என்றான். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மாசம் தம்பி. பூஜ்யம் பூஜ்யம்னு பெருமையா வீட்டுக்குப் போனேன். ஒரு நாளாவது திருப்பிப் பார்த்திருக்கலாம்." பிறகு கேட்டாள், "இன்னும் எத்தனை போயிருக்கு?"

தட்டச்சுக்காரர்கள் அடித்த ஃபைல்களையும் அச்சுக்குப் போனவற்றையும் மச்சான் ஒப்பிட்டான். அறுபத்து மூன்று எச்சரிக்கைகள் காணாமல் போயிருந்தன. புத்தகம் நாற்பது ஆஸ்பத்திரிகளில் இருந்தது.

அவள் சான்றிதழைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் மருந்துகளின் பெயர்களை எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்ததும் போனை எடுத்தாள். முதல் மூன்று ஆஸ்பத்திரிகளிலும் பொறுமையாகக் குறித்துக்கொண்டார்கள். நான்காவதில் ஒரு நர்ஸ் எடுத்தாள். இவள் ஏழாவது மருந்தின் பெயரைச் சொன்னதும், "அதுவா? இப்பத்தான் ஒருத்தருக்குப் போட எடுத்துட்டுப் போனாங்க, கொஞ்சம் இருங்க," என்றாள். போனை அவள் வைக்கவில்லை. யாரையோ கூப்பிட்டுக்கொண்டே அவள் ஓடுகிற சத்தம் மச்சானுக்கும் கேட்டது.