ஸ்பீக்கர் இல்லாத பேஸ்

மாடிப்படி திரும்பும்போதே ஸ்பீக்கர் இரண்டையும் பார்த்துவிட்டாள். இடுப்பளவு உயரப் பெட்டிகள், வீட்டுக்கு வெளியே குப்பைக்கூடைக்குப் பக்கத்தில், வகுப்பைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றன. ஆனால் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, அதன் அடித்தொண்டை மட்டும்.

சரிதான், நம் வீட்டுத் துரை புது ஸ்பீக்கரும் வாங்கிவிட்டார் என்று புருஷனை நினைத்துக்கொண்டாள். பல் ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து வீங்கிய கன்னங்களுக்கெல்லாம் அவள் டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்க, இவர் லீவு போட்டுவிட்டு பாட்டின் அடிச்சத்தத்தில் பேஸ் தேடுகிறார். இன்று பள்ளி அரைநாள். பொடிசைக் கூட்டிவந்து, சாப்பிட வைத்து, தூங்க வைக்க வேண்டும். அதைக்கூட உருப்படியாகச் செய்திருக்க மாட்டார் என்றுதான் பர்மிஷன் கேட்டு இரண்டு மணிக்கே ஓடிவந்தாள்.

மூன்று வருடத்தில் இது ஐந்தாவது ஆம்ப்ளிஃபயர். பெற்ற பெண் ராத்திரி முழுக்க இருமினாலும் எழுந்திருக்காத காது அது. அந்தக் காதுக்கு பேஸ் பத்தவில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

போன வாரம் ரிப்பேர் கடையில், கண்ணாடிக் குழல்கள் எரியும் பழைய மாடல் வால்வு ஆம்ப்ளிஃபயர் இரண்டை முன்னால் வைத்துக்கொண்டு இவர் நடத்திய பிரசங்கம் இருக்கிறதே! "பேஸ் வாட்டுல இல்லடி, உள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்கு. கனமா இருக்கணும். தூக்கிப் பாரு."

"சின்னதையே எடுத்துக்கங்க சார், வீட்டுக்கு அது போதும்," என்றார் கடைக்காரர்.

"இதுல பேஸ் எங்கய்யா இருக்கு?"

"பெருசுல இருக்கு சார். ஆனா அதுக்கு எந்த ஸ்பீக்கரும் சேரல. வால்வு செட்ட லோடு இல்லாம ஓட்டக் கூடாது. சத்தத்த வாங்கிக்க ஏதாச்சும் ஒண்ணு மாட்டியிருக்கணும், இல்லேன்னா வால்வு செவந்து எரிஞ்சிரும். இது என்னடான்னா..." கடைக்காரர் மீதியைச் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை," என்று அவள் காதில் சொல்லிவிட்டு இவர் பெரியதைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தாள். சூடேறிய தூசியும் வார்னிஷும் கலந்த வாசனை, அதற்கடியில் நெடுநேரம் மூடிவைத்த வாயின் வாசனை. வெயில் தரையில் பளிச்சென்று கிடந்தது. சமையலறைத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி முனகின, அலமாரியில் இருந்த தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது, சத்தம் காதுக்கு வராமல் நேராக அவள் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது.

அவர் முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்பீக்கர எதுக்குங்க வெளிய தள்ளினீங்க?"

"குப்பை." அந்த ஒரு சொல்லில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"பொடிசு சாப்டாளா?"

"இப்பதான்டி பேஸ் வருது. இடது பக்கம் மட்டும். வலது பக்கத்துக்கு இன்னும் லோடு கிடைக்கல."

எரிச்சலோடு புது ஸ்பீக்கரைத் தேடினாள். மேசைமேல் ஆம்ப்ளிஃபயர். இடது வால்வுகள் இதமான ஆரஞ்சில். வலது வால்வுகள் கொதிக்கும் சிவப்பில். அறையில் ஸ்பீக்கர் எதுவும் இல்லை.

எதுவுமே இல்லை.

சுற்றி வந்து அவர் முன்னால் நின்றாள். இடது பக்கத்து ஒயர் இரண்டும் நாற்காலிக் கைமேல் ஏறி, அவருடைய இரண்டு உள்ளங்கைகளுக்குள் போயிருந்தன. சட்டையின் மார்பு உப்பித் தணிந்தது. உப்பித் தணிந்தது. வாய் திறந்திருந்தது. நாக்கு அசையவில்லை. பாட்டு அங்கிருந்துதான் வந்தது.

இன்னும் இரண்டு ஒயர்கள் தரையில் கிடந்தன. முனை சீவி, பளபளவென்று. அவற்றுக்கு முன்னால், அவர் நாற்காலிக்கு ஜோடியாக, பொடிசின் குட்டி நாற்காலி.

இதுவரை அவரை நினைத்துச் சலித்திருக்கிறாள், சிரித்திருக்கிறாள். பயந்ததில்லை.

"பொடிசு!"

உள்ளறையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு குழந்தை வந்தாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து குனிந்தாள். ஒரு ஒயரை எடுத்தாள்.

"கீழ போடுடி!"

"எழுந்ததும் ரெண்டையும் பிடிச்சுக்கோன்னு அப்பா சொன்னாரும்மா."

பிளக் மேசைக்குப் பின்னால் இருந்தது. நாலடி தூரம். குழந்தையின் இன்னொரு கை அடுத்த ஒயரை நோக்கிப் போய்விட்டது.

பாய்ந்தாள். பிடுங்கினாள். இரண்டையும்.

வலது வால்வுகளின் சிவப்பு மெல்ல ஆரஞ்சாகத் தணிந்தது.

கையை உதறினாள். விரல் திறக்கவில்லை. எதிரே அவர் முகத்தில் சிரிப்பு. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவருக்குக் குறையொன்றும் இல்லை.

குழந்தை நாற்காலியைவிட்டு இறங்கி அவளையே பார்த்தாள்.

ஓடு. ஓடிப் போ. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

டம்ளர் அலமாரியிலிருந்து விழுந்து உடைந்தது. பொடிசு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அம்மாவின் அசையாத நாக்கைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.