கேட்காமல் போட்ட டிக்

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நர்ஸ், படிவக் கட்டின் மேல்தாளில் மை இன்னும் காயாமல் இருப்பதைப் பார்த்தாள். அறையைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தாள்.

கர்ப்பிணிகளிடம் கேட்டு நிரப்ப வேண்டிய படிவம் அது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கலாம் என்று தெரியுமா? சேமிக்க விருப்பமா? பதினொரு கேள்விகள், தினமும் நாற்பது பேர். கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள், விளக்கி முடிப்பதற்குள் விடிந்துவிடும். யாருக்குத் தெரியப்போகிறது என்று பாதியை அவளே நிரப்பினாள். தெரியாது, தெரியாது, வேண்டாம். மனசு உறுத்தாமலா இருந்தது? உறுத்தியது, வீட்டுக்குக் கிளம்பும்வரை.

அப்படி 'வேண்டாம்' போடப்பட்ட ஒருத்தியின் மூத்த மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அந்தப் பிரசவத்தில் பிறந்த தம்பியின் கொடி ரத்தம் இருந்திருந்தால் பிழைக்க வழி இருந்தது என்றார் டாக்டர். கொடி குப்பைக்குப் போயிருந்தது.

"என்கிட்ட யாருமே கேக்கலையேம்மா" என்று அந்தத் தாய் இதே அறையில் அழுதாள்.

"நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க? எழுதியிருக்கு பாருங்க."

வாய் கூசாமல் சொன்னாள் நர்ஸ், பாவி. போன மாதம் அந்தச் சிறுமி இறந்துபோனாள்.

நர்ஸ் தாளைக் கிட்டே இழுத்தாள். மேலே, கர்ப்பிணியின் பெயர் எழுதும் இடத்தில், அவளுடைய பெயரே இருந்தது. அவளுக்கு ஏழாம் மாதம் என்பதும் சரியாகவே எழுதியிருந்தது. கையெழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையது. வெளியே வராந்தாவில் இருமலும் செருப்புச் சத்தமும் பேச்சும் ஒவ்வொன்றாக அடங்கி, மின்விசிறியின் கீச்சொலி மட்டும் மிஞ்ச, பினாயில் வாடையை மீறிக்கொண்டு குழந்தைகள் வார்டின் மருந்து வாசனை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

நிமிர்ந்தாள்.

கர்ப்பிணிகள் உட்காரும் நாற்காலியில் அந்தச் சிறுமி. தலையில் ஒரு முடிகூட இல்லை. கையில் பேனா.

"அம்மா வேணும்னுதான் சொல்லியிருப்பாங்க ஆன்ட்டி."

"மன்னிச்சிடும்மா... நான்தான்... தப்பு பண்ணிட்டேன்."

சிறுமி தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு டிக். நர்ஸின் வயிற்றில் குழந்தை உதைத்தது. இன்னொரு டிக். உதை மெலிந்தது. பதினொன்றும் முடிந்தன. அதற்குக் கீழே சிறுமி தானாக ஒரு கேள்வியை எழுதினாள், எழுத்துக்கூட்டி.

பாப்பா வேணுமா?

வேணும். வேணும்டா கண்ணு. நர்ஸின் உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை.

"நீங்க சொல்ல வேண்டாம் ஆன்ட்டி. நானே போட்டுக்கறேன்."

பேனா இறங்கியது. நர்ஸ் இரண்டு கைகளாலும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். காத்திருந்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை.