நங்கூரம் போட்ட படகுக்குக் கரண்ட்

எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்ட பிறகும் பேட்டரிப் பெட்டியின் சின்னத் திரையில் நாற்பது வாட் போய்க்கொண்டிருந்தது.

லாவண்யா படகின் உள்ளே மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். சீரியல் பல்பின் ஒயர் மெத்தைமேல் சுருண்டு கிடந்தது. கெட்டிலின் ஒயர் அவள் மடியில் இருந்தது. பெட்டியில் எதுவுமே செருகியிருக்கவில்லை. ஆனாலும் எதற்கோ கரண்ட் போனது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஒருமுறை சிமிட்டி நாற்பத்தைந்து ஆயிற்று.

"என்னங்க!" என்று கரைக்குக் கேட்கும்படி கூப்பிட்டாள். "பொட்டியில என்னமோ ஓடுது. நான் எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டேன்."

மன்னவனூருக்கு மேலே, எஸ்டேட்காரர்கள் எப்போதோ வெட்டிப் போட்ட அந்த ஏரியைச் சுற்றிலும் பைன் மரங்கள். மதியத்திலிருந்தே மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. கரை எந்தப் பக்கம் என்பதே இப்போது தெரியவில்லை. மஞ்சுக்குள்ளிருந்து அவள் புருஷன் கந்தவேலின் குரல் மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல, நிதானமாக வந்தது.

"ஓடட்டும் புள்ள. எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாரு."

கந்தவேல் கரையில் டென்ட் போட்டு டூரிஸ்ட்டுகளைத் தங்கவைக்கிறவன். கொச்சியில் யாரோ வேண்டாமென்று தள்ளிய சின்னப் பாய்மரப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து, ஏரி நடுவில் நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தான். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். சீசனுக்கு வரும் புது ஜோடிகளைத் தண்ணீர்மேல் தூங்கவைப்பதாகத் திட்டம். கொடைக்கானல் குளிருக்கு வெந்நீர் வேண்டும், வெளிச்சம் வேண்டும், போன் சார்ஜ் வேண்டும். கரையிலிருந்து ஒயர் இழுக்க முடியாது. சோலார் தகடு இந்த மஞ்சில் எதற்கும் ஆகாது. தூக்கிக்கொண்டு போய் வைக்கிறாற்போல ஏதாவது பார்க்க வேண்டும் என்று அவள்தான் பஜாரில் முத்து முகம்மது பாய் கடைக்குப் போனாள்.

"ஜெனரேட்டர் வேணாம்மா," என்றார் அவர். "அடைச்ச எடத்துல ரெண்டு பேரு தூங்குவாங்க. பொகை உள்ள போச்சுன்னா காலைல எந்திரிக்க மாட்டாங்க. இந்த லித்தியம் பொட்டிய எடுத்துக்கங்க. சத்தமும் கெடையாது, பொகையும் கெடையாது." பெட்டியை அவள் கையில் கொடுத்த பிறகும் அவர் விடவில்லை. "உங்க வீட்டுக்காரரு முன்னாடி வாங்கிட்டுப் போன கார் பேட்டரியத் திருப்பிக் கொண்டாந்தாரு. நனையவும் இல்ல, வீங்கவும் இல்ல. ஆனா உள்ள ஒரு சொட்டு உசுரு இல்ல. அப்பிடி ஒரு பேட்டரிய நான் பாத்ததே இல்லம்மா."

"பாய்க்கு வயசாயிருச்சு," என்று சிரித்த கந்தவேல், ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரையும் எங்கிருந்தோ கொண்டுவந்தான். இரண்டையும் ஓட்டிப் பார்த்து ஒன்றை முடிவு பண்ணிக்கொள்ளலாம் என்று சாப்பாடு முடிந்ததும் அவளைப் பரிசலில் கூட்டிவந்து படகில் ஏற்றினான். படகின் பாயைத் தைக்க வேண்டுமென்று கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கரையில் சோலி கிடக்கிறதென்று பரிசலோடு திரும்பிப் போய்விட்டான்.

இப்போது பெட்டியின் எண் நூறைத் தாண்டியிருந்தது. சார்ஜைக் காட்டும் கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன. வேலை செய்கிற பேட்டரி சூடாகும் என்று நினைத்துப் பெட்டிமேல் கையை வைத்தவள், வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ஐஸைத் தொட்டதுபோல இருந்தது. கடைசிக் கட்டமும் போய்த் திரை கறுத்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது: படகின் அடியில் தண்ணீர் சளப்சளப்பென்று அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டிருந்தது. மரங்களிலிருந்து மஞ்சு சொட்டுகிற சத்தம்கூட இல்லை. ஏரி முழுக்க எதையோ உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல ஓர் அமைதி.

"பொட்டி செத்துருச்சுங்க! வெரசா வாங்க, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"ஜெனரேட்டரப் போட்டுப் பாரு."

படகின் பின்பக்கம் போய், கயிற்றை இழுத்து ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்தாள். தடதடவென்று அது உயிர் பிடித்ததும், பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியதும், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டின் வாடை அது. ஆட்கள் இருக்கும் இடத்தின் வாடை. புகை எந்தப் பக்கம் போனால் என்ன, இதுவே இருக்கட்டும், இதையே வாங்கிக்கொள்ளலாம் என்று அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. ஆள் நிறைய ஏற்றிய ஜீப் செங்குத்து ஏற்றத்தில் திணறுவதுபோல, ஜெனரேட்டர் முக்கத் தொடங்கியது. அதிலும் அவள் எதையும் மாட்டவில்லை. முக்கி, இழுத்து, ஒரு விக்கலோடு நின்றது. டாங்க்கில் பெட்ரோல் தளும்பியது. சைலன்சரில் மெல்லிய வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது.

போனை எடுத்தாள். கையிலிருக்கும்போதே அது அணைந்தது.

படகின் முன்பக்கத்திலிருந்து ஒரு ரீங்காரம் கேட்டது. டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நின்றால் கேட்குமே, அதுபோல. நங்கூரக் கயிறு விறைத்துத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதுதான் அதிர்ந்துகொண்டிருந்தது. நங்கூரத்தைத் தூக்கிவிட்டால் படகு எந்தக் கரையிலாவது போய் ஒதுங்கும் என்று தோன்ற, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

கயிறு அசையவில்லை. அவள் கையிலிருந்த சூடு போனது. விரல், மணிக்கட்டு, முழங்கை. யாரோ உறிஞ்சுவதுபோல. கையை உதறிப் பிய்த்துக்கொண்டு மல்லாந்து விழுந்தாள். நகங்கள் நீலமாகியிருந்தன.

"என்னங்க! பரிசல எடுத்துட்டு வாங்க! அடியில என்னமோ இருக்கு!"

அதே நிதானத்தோடு குரல் வந்தது.

"இருக்கு."

அவன் கத்தவேயில்லை. கத்த வேண்டிய தேவையும் இல்லை.

"நம்ம நாய் கருப்பன செந்நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொன்னேன்ல. இல்ல புள்ள. அந்தப் படகுலதான் கட்டிப்போட்டுட்டு வந்தேன். ஒரு ராத்திரிதான். அப்புறம் பேட்டரி இறங்கவே இல்ல. வச்சது வச்ச மாதிரி நின்னுச்சு. ஒரு நாய்க்கே அஞ்சு நாளு தாங்குச்சு."

அவள் நீலமான விரல்களைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டாள்.

"சீசன் ரெண்டு மாசம்," என்றான் கந்தவேல். கணக்குப் போடுகிற குரல். கோபம் இல்லை. வருத்தமும் இல்லை. "வர்றவங்க யாருக்கும் ஒண்ணும் ஆயிரக்கூடாதுல்ல."

"நான் என்ன பண்ணேன் உங்களுக்கு?"

"நீ ஒண்ணும் பண்ணல."

நீச்சல் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தத் தண்ணீரில் இறங்க முடியாது. உள்ளே ஓடிக் கதவைச் சாத்தி, மெத்தையில் சுருண்டு, கம்பளியை இழுத்துப் போர்த்தினாள். கால்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. ரீங்காரம் பலகை வழியாக ஏறியது. மெத்தைக்கு வந்தது. முதுகெலும்பில் ஏறியது. பல் கிட்டியது. பிறகு நின்றது.

வெளிச்சம்.

சீரியல் பல்புகள் எரிந்தன. சுருண்டு கிடந்த ஒயர் முழுக்க, மஞ்சளாக. அதன் பிளக் அவள் முகத்துக்கு எதிரே, எதிலும் மாட்டாமல், மெத்தைமேல் கிடந்தது.

ஜன்னலுக்கு வெளியே, மஞ்சுக்குள் ஒரு கேமரா பிளாஷ் அடித்தது. இன்னொன்று.

"நல்லா வந்திருக்கு," என்றான் கந்தவேல். படத்தைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. பிறகு ஈரப் புல்லில் செருப்புச் சத்தம். ஜீப் கதவு. ஜீப் கிளம்பி, மேட்டில் ஏறி, மறைந்தது.

பல்புகள் ஒரே சீராக எரியவில்லை. கூடின. குறைந்தன. மறுபடி கூடின. வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் மூச்சை இழுக்கும்போது கூடுகின்றன. விடும்போது குறைகின்றன.

தர மாட்டேன் என்று நினைத்தாள். மூச்சைப் பிடித்தாள்.

பல்புகள் மங்கின. சிவந்தன. இழை மட்டும் தெரிந்தது. இருட்டு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, மூக்கையும் விரலால் இறுக்கிக்கொண்டு கிடந்தாள்.

அவள் நெஞ்சு எழும்பியது.

அவள் எழுப்பவில்லை. மூக்கிலும் வாயிலும் காற்று போகவில்லை. ஆனாலும் நெஞ்சு மெதுவாக, நிதானமாக எழும்பி நிறைந்தது. தணிந்தது. மறுபடி எழும்பியது. பல்புகள் எல்லாம் ஒன்றாக, பளிச்சென்று எரிந்தன.