கையில் பூனை இல்லாதபோது

தங்கை வீட்டுக்கு நான் போனது ஒரு தராசைச் சரிபார்க்க. பேய் பிசாசு பார்க்கவா போனேன்? கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் தராசு பழுதுபார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. வீட்டில் இருக்கும் எடை மெஷின் தப்புக் காட்டுகிறதா என்று வந்து பார்க்கும்படி அவள் போனில் சொன்னதும், எடைக்கற்கள் வைத்திருக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் குரல் சரியில்லை என்பது உறைக்கத்தான் செய்தது. ஆனால் மிளகு செத்ததிலிருந்தே அவள் குரல் அப்படித்தான் இருந்தது.

மிளகு அவள் வளர்த்த மூன்று பூனைகளில் மூத்தது, நல்ல கறுப்புப் பெட்டை. மழைக்காலத் தொடக்கத்தில் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனது. கடைசி வாரம் வரைக்கும் சாப்பிட்டது, ஜன்னலில் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது, எதையும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தங்கை வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து துணி தைப்பவள். நாள் முழுக்கப் பூனை அவள் கண்முன்னால்தான் இருந்தது. கண்முன்னால் இருந்தும் தெரியாமல் போய்விட்டதே என்பதுதான் அவளைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தாள். மருந்து வாசனை குப்பென்று அடித்தது, பூனை ரோமத்துக்கு எனக்குத் தும்மல் வந்தது. மீதி இரண்டுக்கும் சளி பிடித்துவிடும் என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தி வைத்திருந்தாள். வெளியே பட்டப்பகல், உள்ளே விளக்கு எரிந்தது. தையல் மெஷின் மேல் துணி போர்த்திக் கிடந்தது, தைக்க வந்த துணிகள் மூட்டையாக மூலையில் இருந்தன. தடியன் என்ற சாம்பல் நிறப் பூனை பேருக்கேற்றபடி நாற்காலியை அடைத்துக்கொண்டு தூங்கியது. வெள்ளைப் பூனை பஞ்சு மட்டும் அலமாரியின் உச்சியில் ஒண்டிக்கொண்டிருந்தது. சோற்றுக்கு மட்டும் இறங்குவதாகவும், மற்ற நேரமெல்லாம் அங்கேயே இருப்பதாகவும் தங்கை சொன்னாள். புதிதாக வந்த என்னை அது பார்க்கவே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தை இல்லை, முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில்.

ஈறு வெளுத்திருக்கிறதா என்று தினம் வாயைப் பிளந்து பார்க்கிறாளாம். கிண்ணத்தில் தண்ணீர் எவ்வளவு குறைகிறது என்று கோடு போட்டு வைத்திருக்கிறாளாம். தூங்கும் பூனையின் வயிற்றில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாளாம். இப்படி எழுப்பிக்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும் பூனையும் நோயாளியாகிவிடும் என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டும் இளைச்சுக்கிட்டே போகுதுண்ணா," என்றாள்.

எடைத் தட்டில் பூனை நிற்குமா? அதனால் பூனை வளர்ப்பவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பூனையைக் கையில் ஏந்திக்கொண்டு தானே மெஷினில் ஏறுவாள். பிறகு பூனையை இறக்கிவிட்டுத் தனியாக ஏறுவாள். முன்னதில் பின்னதைக் கழித்தால் மிச்சம் பூனையின் எடை. தனியாக ஏறினால் எப்போதும் ஐம்பத்து நாலு கிலோ. தடியனோடு ஏறினால் முன்பெல்லாம் ஐம்பத்தொன்பது காட்டும், இப்போது ஐம்பத்தேழுதான். ஐந்து கிலோப் பூனை மூன்று கிலோவாகிவிட்டது. பஞ்சுவும் அதேபோல் இரண்டு கிலோ குறைந்திருந்தது. எனக்குச் செய்தும் காட்டினாள்.

நான் தடியனைப் பார்த்தேன். மூன்று கிலோப் பூனை மாதிரி தெரியவில்லை. ஆனால் கண்ணைவிட மெஷினை நம்பித்தான் எனக்குப் பழக்கம். என் எடைக்கற்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன், ஒரு குண்டுமணி கூடப் பிசகவில்லை.

"மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல," என்றேன், என்னவோ நல்ல சேதி சொல்வதுபோல். அவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். மெஷின் சரி என்றால் பூனைகள் சாகின்றன என்று அர்த்தம். அது எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது.

அன்று மாலையே இரண்டையும் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனோம். காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரிய நாய் ஓயாமல் குரைத்துக்கொண்டிருந்தது. தங்கை உள்ளே நுழைந்ததும் நிறுத்திவிட்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்ப் புகுந்தது.

டாக்டரம்மா கறார் ஆள். சின்னத் தட்டுத் தராசில் தடியனை அமுக்கிப் பிடித்து எடை போட்டார். ஐந்து கிலோவுக்கு மேலேயே இருந்தது. பஞ்சுவும் குறையவில்லை. ஈறு, வயிறு, கண் எல்லாம் பார்த்துவிட்டு, இரண்டும் கல்லு மாதிரி இருக்கின்றன என்றார். தங்கை நம்பவில்லை. மிளகும் இப்படித்தான் நன்றாக இருந்தது என்றாள். நோயை மறைப்பது பூனையின் குணம் என்றும், அதற்கு அவள் தன்னையே நொந்துகொண்டு பிரயோசனம் இல்லை என்றும் டாக்டரம்மா கொஞ்சம் இளகிச் சொன்னார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் தராசும் சரி, அவர் தராசும் சரி என்றால் எது தப்பு? பெரிய நாய்களை நிறுத்தி எடை போடும் முள் தராசு ஒன்று மூலையில் இருந்தது. தடியனோடு அதில் ஏறச் சொன்னேன். முள் ஐம்பத்தேழில் நின்றது.

"அப்ப நீங்க ஐம்பத்து ரெண்டும்மா. பூனை இளைக்கல, நீங்கதான் இளைச்சிருக்கீங்க," என்றார் டாக்டரம்மா.

அப்போதுதான் தங்கையை நான் சரியாகப் பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சட்டை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. ஊருக்கெல்லாம் அளவெடுப்பவள், தன் உடம்பை மறந்துபோயிருந்தாள். நானும்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

"இல்லையே, நான் காலையில கூட ஐம்பத்து நாலு இருந்தேன்," என்றாள்.

டாக்டரம்மா அவள் கையிலிருந்து தடியனை வாங்கிக்கொண்டார்.

முள் ஐம்பத்து இரண்டுக்கு இறங்கியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

பிறகு நகர்ந்தது.

முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். முன்னங்காலைப் போட்டுத் தொற்றி, பின்னங்காலையும் இழுத்துக்கொண்டு ஏறுவதுபோல.

ஐம்பத்து நாலு.

அவள் அசையவில்லை. அவள் வலது தோளில் சட்டைத் துணி மெல்ல அழுந்தியது.

கூடைக்குள் பஞ்சு அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது. டாக்டரம்மா தடியனை மறுபடி அவள் கையில் கொடுத்தார். கொடுத்ததும் தோளில் துணி நிமிர்ந்தது. முள் ஐம்பத்தேழுக்கு மேல் போகவில்லை.

"அவ அப்படித்தான்," என்று தங்கை கிசுகிசுத்தாள். "மத்த ரெண்டும் என் கையில இருந்தா கிட்டவே வரமாட்டா."

அவள் முகத்தில் பயம் இல்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எடை குறையவே இல்லையே என்று நர்ஸ் திருப்பி அனுப்பப் பார்த்தார். இளைத்துவிட்டாள் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதால் ரத்தம் எடுத்தார்கள். உள்ளே ஒரு வியாதி சத்தம் போடாமல் வளர்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர்.

மிளகு எதற்கு வந்தது என்பதைப் பற்றி நானும் அவளும் இன்னும் சண்டை போட்டுக்கொள்கிறோம். குறைந்த எடையை ஈடுகட்டி, நோயை மறைத்து, மிளகு அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்த்தது என்பது என் கட்சி. நோய் இருப்பதைச் சொல்லத்தான் வந்தது, பூனைகளுக்கு என்றால்தானே நான் டாக்டரிடம் ஓடுவேன் என்பது அவள் கட்சி. எது உண்மையோ, மருந்து வேலை செய்தது, தங்கை தேறினாள். கையில் பூனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போது கணக்கு சரியாக வருகிறது. முதல் தடவை சரியாக வந்த அன்று அவள் எடை மெஷின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு மிளகு இரண்டாவது முறை செத்துப்போனது.

பஞ்சு அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது. தையல் மெஷின் மறுபடி ஓடுகிறது. இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன வாரம் என் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். மோதிரம் கழன்று சோப்புத் தண்ணீரில் விழுந்தது. பட்டறையில் ஆளில்லாத நேரம் பார்த்து, நானே சரிபார்த்த தராசில் ஏறி நின்றேன்.

எடை ஒரு கிராம் குறையவில்லை.

தங்கைக்குப் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், தடியனைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வர முடியுமா என்று மட்டும் கேட்டேன். பூனை என்றாலே தும்முகிறவன் நான்.

"எந்தத் தோள்ணா வலிக்குது?"

வலியைப் பற்றி நான் வாயே திறந்திருக்கவில்லை.

"வலது," என்றேன்.

நாளைக் காலையில் ஆஸ்பத்திரி, இப்போதே கிளம்பி வருகிறேன் என்றாள். பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில், என்னிடம் பேசாத குரலில் சொன்னாள்.

"நான் வர்ற வரைக்கும் அண்ணனப் பாத்துக்கடி."

போனை நான் வைத்திருந்தது இடது காதில்.

பதில் வந்தது வலது காதோரம்.