இடப்பக்கச் சீற்

எனக்கு அருவருப்பு லேசிலை வராது. இருபத்திரண்டு வருஷமாப் பழங்கார்ச் சீற்றுகளைப் பிரிச்சுத் தைக்கிறன். எலிப்புழுக்கை, நாய் மூத்திரம், பிள்ளையள் எடுத்த சத்தி எல்லாத்துக்கையும் கை வைச்சவன். ஆனா இல்-பிசார் தீவிலை ஒரு வீட்டிலை அந்த டெலாயே காருக்குள்ளை கை வைச்ச நாளிலையிருந்து என்னாலை சோறு பிசைஞ்சு சாப்பிட ஏலாது. கரண்டியாலைதான் சாப்பிடுறன்.

எனக்கொரு கட்டுப்பாடு இருக்கு. பிறத்தியாற்றை காரிலையிருந்து ஒரு நூல்கூட என்ரை காருக்குள்ளை வரக்கூடாது. மகள் சாம்பவிக்கு நாலு வயசு, மூச்சிழுப்பு வருத்தம். ஐஞ்சு மணிக்குப் பிள்ளையளைப் பாக்கிற கார்டரியிலை அவளை ஏத்திறது நான்தான். உடுப்பு மாத்தி, முழங்கை மட்டும் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் என்ரை கார்க்கதவைத் துறப்பன்.

அண்டைக்கு நல்ல வெய்யில். வீட்டுக்காரி ஒரு வயசுபோன மதாம், கராஜைத் துறந்து விட்டா. முப்பத்தேழாம் ஆண்டு டெலாயே. பிரெஞ்சு ரேஸ் கார்களின்ரை அந்த நீலம், நீட்டு மூக்கு, கம்பிச் சில்லு. அந்தக் காலத்து வழக்கப்படி ஸ்ரியறிங் வலப்பக்கம். கண்ணை எடுக்கேலாத வடிவு.

கிட்டப் போகத்தான் மணந்தது. பழைய தோல் மணம், அதுக்கு அடியிலை இனிப்பா ஒரு நாத்தம்.

"இடப்பக்கச் சீற் மட்டும்தான்," எண்டா மதாம். "இஞ்சை வைச்சே செய்யுங்கோ. அது இந்தக் கராஜை விட்டு வெளியிலை போகக்கூடாது."

தோலைக் கிழிச்சன். உள்ளுக்குக் குதிரைமயிர் அடைச்சிருந்தது, அந்தக் காலத்துச் சீற் அப்பிடித்தான். காய்ஞ்ச தும்பு மாதிரி இருக்கவேணும். இது ஈரம். முழங்கை மட்டும் கையை விட்டு இழுத்தன். கட்டி கட்டியாய், பிசுபிசெண்டு, கையுறையோடை ஒட்டிக்கொண்டு வந்தது. நடுவிலை வெள்ளைக் கட்டை மயிர்.

குதிரைக்கு அவ்வளவு மெல்லிசா மயிர் இல்லை.

பிறகு ஒரு நகம்.

மதாம் வாசலிலை கோப்பியோடை நிண்டா. "அது என்ரை மனிசன்," எண்டா. "இருபது வருஷம் இந்தக் காரைத் திருத்தினவர், ஒருநாளும் ஓடேல்லை. கண் தெரியாமல் போனாப்பிறகு, ஆரும் வந்து கூட்டிக்கொண்டு போவினம் எண்டு இடப்பக்கத்திலையே குந்தியிருப்பார். போன யூலையிலை நான் தங்கச்சி வீட்டை போயிட்டன். திரும்பி வர, அவர் செத்துப் பதினொரு நாள். நான் துடைச்சுத்தானே வைச்சன்?"

சொல்லிப்போட்டு ஒரு முடறு குடிச்சா.

வெளியிலை ஓடிப்போய்ச் சத்தி எடுத்தன். இந்த வேலை எனக்கு வேண்டாம் எண்டன். அவ கோப்பியோடை வீட்டுக்குள்ளை போயிட்டா. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு திரும்பப் போய்ச் சாமான்களைப் பொறுக்கினன். எப்படா வெளிக்கிடுவம் எண்ட பதட்டத்திலை, எந்த வீட்டாலை போனாலும் சொல்லுறதை வாய் தன்ரைபாட்டிலை சொல்லிப்போட்டுது.

"அப்ப நான் போட்டு வாறன்."

செத்தவீட்டிலை அதைச் சொல்லுறேல்லை. சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போகவேணும், எங்கடை சனத்திலை ஆருக்கும் தெரியும். அந்தக் கராஜுக்குள்ளை அப்ப என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை.

கிழிச்ச சீற்றிலை ஸ்பிரிங் கிரீச்செண்டுது.

இருக்கிற சத்தமில்லை. எழும்புற சத்தம்.

உடுப்பை அங்கையே குப்பையிலை எறிஞ்சன். மூண்டு தரம் கை கழுவினன். ஒரு நூல்கூடக் கொண்டு வரேல்லை. ஆனா கார்டரி வாசலிலை சாம்பவியைத் தூக்கிப் பின்சீற்றிலை வைக்க, அவள் மூக்கைப் பொத்தினாள்.

"அப்பா, மணக்குது."

"என்ன மணக்குது?"

"இவர்." பக்கத்து வெறுஞ்சீற்றைக் காட்டினாள். "ஏன் இவர் நனைஞ்சிருக்கிறார்?"

அண்டைக்கே அவளுக்கு இழுப்பு வந்தது. அடுத்த கிழமை என்ரை காரை வித்துப்போட்டுப் புதுசு எடுத்தன். அதின்ரை பின்சீற்றை நானே பிரிச்சுப் பாத்தன். முழுக்க ஸ்பொஞ், ஸ்பிரிங் எண்டு ஒண்டும் இல்லை.

இண்டைக்குப் பின்னேரம் வீட்டு வாசலிலை அவளை இறக்கினன். எங்களோடை பிரெஞ்சிலைதான் கதைப்பாள். கதவைச் சாத்தப்போக, வெறுஞ்சீற்றுக்குத் தன்ரை வலக்கையை நீட்டி, மரியாதையான தமிழிலை சொன்னாள்.

"வாங்கோ."

காருக்குள்ளை ஸ்பிரிங் கிரீச்செண்டுது.

அவளின்ரை இடக்கையைப் பிடிச்சுக்கொண்டு படியேறினன். மற்றக் கையை அவள் ஆருக்கோ குடுத்தபடி வந்தாள். உள்ளை போய் அந்தக் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டன். பிசுபிசுப்புப் போகேல்லை. கரண்டி குடுத்தன், வேண்டாமாம்.

இப்ப அந்தக் கையாலைதான் சோறு பிசைஞ்சு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.