உலர்த்தும் அறையின் அரக்கு

பத்து நாளைக்கு முன்னால் அவன் வைத்த அரக்கு முத்திரை இன்னும் சூடாக இருந்தது. விரலை வைத்ததும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஈரத்துணி வாடை வேறு. சலவைக்கூடத்தை மூடிப் பதினோரு வருஷமாகிறது. அங்கே நனைக்க ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது.

நகராட்சியின் அந்தப் பழைய சலவைக்கூடத்தை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டலாமா என்று பதினோரு மணிக்கு மன்றம் கூடி முடிவெடுக்கப்போகிறது. பேச்சுக்குத்தான் கூட்டம். இடிக்கும் இயந்திரம் நேற்றே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கட்டடம் காலி என்று எழுதிக்கொடுத்தவன் அவன்தான்.

சீல் வைக்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பூட்டும் அரக்கும். பதினோரு அறைகளுக்கு ஒழுங்காகத்தான் செய்தான். கடைசி அறை, துணி உலர்த்தும் அறை. வெளியே ஆபீஸ் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, பசி வேறு காதை அடைத்தது. ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். பதிவேட்டில் மூன்று என்று எழுதினான்.

அன்றைக்கிலிருந்துதான் அண்ணனைக் காணவில்லை. அண்ணன் இங்கே காவலாளியாக இருந்தவர். வேலை போனபிறகு புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது. சொல்லாமல் கிளம்புவார், பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தானே வந்து நிற்பார். அதனால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. இன்று காலையில் அண்ணி போன் செய்தாள்.

"பெட்டியில இருந்த காக்கிச் சட்டையைக் காணோம் தம்பி. அவர் வேலைக்குத்தான் போயிருக்காரு."

உடனே இங்கே ஓடிவந்தான். அரக்கு ஒட்டிய விரலோடு நகராட்சிப் பொறியாளரைப் போனில் அழைத்தான்.

"சார், உலர்த்துற அறையை ஒரு தடவை திறந்து பாக்கணும்."

"எதுக்கு? மூணு தடவை கூப்பிட்டேன்னு நீதானே எழுதியிருக்கே?"

"ஆமா சார்."

"அப்புறம் என்னய்யா? மன்றத்துல உக்காந்திருக்கேன், வை."

ஒரு தடவைதான் கூப்பிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அரக்கைப் பிய்த்து, பூட்டைத் திறந்து, இரும்புக் கதவைத் தோளால் முட்டித் தள்ளினான்.

உள்ளே ஜன்னல் கிடையாது. செல்போன் வெளிச்சத்தில், சுவரிலிருந்து சுவர்வரை கட்டிய கம்பிகளில் வரிசை வரிசையாக வெள்ளை விரிப்புகள் தொங்கின, எல்லாம் அப்போதுதான் பிழிந்து போட்டதுபோலச் சொட்டிக்கொண்டு, சோப்பும் துருவும் கலந்த வாடையோடு, அவன் நடக்க நடக்க முகத்தில் சில்லென்று பட்டு விலகின.

"அண்ணே."

சொட்டு. சொட்டு.

"அண்ணே, நான்தான். வந்துட்டேன்."

கடைசிக் கம்பியில் காக்கிச் சட்டை. அதுவும் நனைந்திருந்தது. பட்டன் எல்லாம் போட்டிருந்தது.

பின்னால் கதவு மூடிக்கொண்டது.

ஓடினான். விரிப்புகள் காலைச் சுற்றின. விழுந்து, எழுந்து, கதவில் போய் மோதினான். கதவின் உட்பக்கம் முழுக்கக் கீறல். நகத்தால் கீறியது. கை எட்டும் உயரம்வரை. கீழே போகப்போக மெலிந்து, தரையோடு தரையாக ஒரே ஒரு கோடு.

வெளியே செருப்புச் சத்தம். அது அவனுடைய செருப்பு. அரக்கு உருகும் வாடை.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

அவனுடைய குரல்.

இருக்கேன் என்று கத்தினான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் கதவை அடித்தான். ஈரத்துணியில் அடித்ததுபோல அமுங்கிப்போனது.

ஹாரன் அடித்தது.

இரண்டாவது குரலுக்காகக் காத்திருந்தான். வராது என்று அவனுக்குத் தெரியும்.

கதவிடுக்கில் சிவப்பாக அரக்கு வழிந்தது. நனைந்து ஊறிய ஒரு கை, நகமே இல்லாத கை, பின்னாலிருந்து அவன் தோளில் மெல்லப் படிந்தது.

"கத்தாதடா தம்பி. நானும் கத்திப் பாத்தேன்."