நாலாவது கால்

2024 பெப்ரவரி 10, சனிக்கிழமை காலை, மாத்தளை மாவட்டம் உக்குவளையில், பழைய விளையாட்டுச் சாமான் சேகரிக்கும் ஹாஷிம் தன் வீட்டு முன்னறையில் விழுந்து கிடந்தார்.

நெற்றியில் ரத்தம்.

கண்ணாடி அலுமாரி திறந்து கிடந்தது.

"யா அல்லாஹ்...!"

மனைவி ஜுனைதாவின் அலறலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறின.

பிணம் முனகியது.

"கப்பல்... என்ட கப்பல்...!"

"மனுசனுக்கு உசிர் ஈக்கி!" என்றாள் ஜுனைதா. "பொஞ்சாதிட பேரு வாயில வரல்ல... கப்பலாம்!"

கடலில் போகும் கப்பல் அல்ல. எழுபதுகளில் ஜப்பானில் செய்த தகர விண்கப்பல். உள்ளங்கை அளவு.

முதலில் மூன்று காலோடு விற்றார்கள். சரிந்து விழுந்தது. அடியில் இன்னொரு துளை போட்டு நாலு கால் வைத்தார்கள். அந்த மாற்றத்துக்கு நடுவே எவனோ ஒரு தொழிலாளி கண்ணயர, நாலு துளையும் மூன்று காலுமாகச் சில கப்பல்கள் கடைக்கு வந்துவிட்டன.

குழந்தைகள் அவற்றைத் தூக்கி எறிந்தார்கள்.

பெரியவர்கள் இப்போது அவற்றுக்காக உறவை முறித்துக்கொள்கிறார்கள்.

இலங்கையில் அப்படி ஒன்றே ஒன்று. அது ஹாஷிமிடம். அந்த வெறும் துளையின் தயவில்தான் அவர் சேகரிப்பாளர் சங்கத்தின் ஆயுள் தலைவர்.

சப் இன்ஸ்பெக்டர் றெக்சன் வந்து சேர்ந்தார்.

"யார் அடிச்சது, ஹாஷிம் நானா?"

"எங்கட சங்கத்து ஆள், பலாபத்வல ஊர் ரொமேஷ்! பின்னால வந்து ஒரே போடு! கப்பலத் தூக்கிட்டுப் பாய்ஞ்சிட்டான் சேர்!"

றெக்சன் காயத்தைப் பார்த்தார். பின்மண்டையைப் பார்த்தார். மறுபடி நெற்றியைப் பார்த்தார்.

"பின்னால இருந்தா?"

"நான்... திரும்பினேன்!"

பொலிஸ் நிலையத்தில் ரொமேஷுக்கு வியர்த்தது.

"அங்க போனது உண்மை சேர். சத்தியமா அடிக்கல்ல! வர்ற கிழமை கட்டாருக்கு வேலைக்குப் போறேன். இப்ப கேஸ் விழுந்தா எல்லாம் போச்சு!"

"அப்ப எதுக்குப் போனீங்க தம்பி?"

"அந்த ஓட்டையைச் சுத்தி வட்டமா பெயின்ட் தேய்ஞ்சிருக்கு சேர். கால் உக்காந்த தடம்! நாலு கால் கப்பல்ல ஒரு காலைக் கழட்டி வச்சிருக்கீங்கன்னு முகத்துக்கு நேரா கேட்டேன்."

"அதுக்கு?"

"உனக்கு வயித்தெரிச்சல்னாரு. நாளைக்குக் கொழும்புல இருந்து ஒரு நிபுணர் பார்க்க வர்றாரு. அவரு கண்டுபிடிச்சிருவாருன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அந்தக் கப்பல் உங்ககிட்டயும் இருக்கா?"

"இருக்கு சேர்... நாலு கால், நாலு ஓட்டை. சாதா வகை. அதனாலதான் எனக்கு சங்கத்துல கடைசி வரிசை."

றெக்சன் மீசையைத் தடவினார்.

"அதைக் கொஞ்சம் கொண்டாங்க."

அன்று மாலை. தலைக்கட்டோடு சாய்ந்திருந்தார் ஹாஷிம்.

"நானா! கப்பல் கிடைச்சிருச்சு!"

மலர வேண்டிய முகம் வெளுத்தது.

"எப்படி... எப்படிக் கிடைக்கும்?"

றெக்சன் கையிலிருந்த கப்பலை மூடியிருந்த கைக்குட்டையை விலக்கினார்.

"இது என்ட இல்ல சேர்! நாலு கால் ஈக்கி!"

"அதைத்தான் சொல்ல வந்தேன். கள்ளன் அந்தக் காலி ஓட்டையில ஒரு காலைப் பூட்டிட்டான். அச்சா உக்காந்திருக்கு! சங்கத்துக்கும் நாளைக்கு வர்றவருக்கும் சொல்லிர்றேன்... ஹாஷிம் நானாட கப்பல், சாதா வகை."

சாதா வகை!

உண்மையாகவே யாராவது மண்டையில் போட்டிருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது.

"பொய்!" ஹாஷிம் துள்ளி எழுந்தார். "என்ட கப்பல்ட நாலாவது கால் மேசை லாச்சிக்குள்ள ஈக்கி! கழட்டினதே நான்தான்...!"



ஹாஷிம் வாயைப் பொத்தினார். கொஞ்சம் பிந்திவிட்டது.

"அப்ப கப்பல் எங்க நானா?" என்றார் றெக்சன், மிக மெதுவாக.

பதில் குசினி வாசலிலிருந்து வந்தது.

"அரிசி டின்னுக்குள்ள ஒன்டு ஈக்கி சேர்," என்றாள் ஜுனைதா. "எலிப்பொறி என்டு நெனச்சேன்!"

"நெத்திக் காயம்?"

"அலுமாரிக் கதவு..." ஹாஷிமின் குரல் தரையில் விழுந்தது. "நானாத்தான் முட்டிக்கிட்டேன் சேர். அந்த நிபுணர் வாறத்துக்கு முந்தி கப்பல் காணாமப் போகணும்... மானம் போகக்கூடாது..."

"உங்க மானத்துக்கு அந்தப் பிள்ளையோட கட்டார் வேலையா?"

ஹாஷிம் மேசை லாச்சியைத் திறந்து நாலாவது காலை எடுத்து நீட்டினார்.

ரொமேஷ் சொன்ன கிழமையில் கட்டார் போனார். பொய் முறைப்பாட்டுக்காக ஹாஷிமுக்கு நீதிமன்றம் தண்டம் விதித்தது. சான்றுப் பொருள் தொலைந்தால் தங்கள் தலை உருளும் என்று பயந்த பொலிஸார், கழன்ற காலைக் கப்பலோடு கம்பியால் கட்டி, சிவப்பு அரக்கு முத்திரை குத்தியிருந்தார்கள். வழக்கு முடிந்து அது அப்படியே திரும்பி வந்தது.

வழக்கு முடியும்வரை வருகையைத் தள்ளிப்போட்டிருந்த கொழும்பு நிபுணர் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். 'அரக்கு முத்திரை வகை. உலகில் ஒன்றே ஒன்று' என்று பதிவு செய்தார்.

ஹாஷிம் ஆயுள் தலைவராகத் தொடர்கிறார்.